வேண்டாம் என்று சொல்ல விடுங்கள்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும், ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியிலும் மேற்படிப்புக்குச் சேரும் பிள்ளைகள் முதல் வருஷமே தீசிஸுக்குத் தலைப்பு தேட ஆரம்பித்துவிடுவார்கள். தலைப்பு அமைந்ததும் எலி வேண்டும், இல்லையென்றால் நோயாளி வேண்டும். எது வேண்டுமானாலும் ஒரு கமிட்டியின் அனுமதி வாங்கியாக வேண்டும். அந்தக் கமிட்டியில் மருத்துவர்களோடும் வக்கீலோடும், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்ரீவைகுண்டத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் பல வருஷம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எலிகளுக்கான கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். இப்போது பஸ் ஏறி இறங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆய்வுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும், என் இடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லியாக வேண்டியவை சில உண்டு.

1. ஆராய்ச்சி இல்லாமல் மருந்து வராது. இதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களிடம் நாய்க்கடி என்று சொன்னால் கை தானாக வயிற்றுக்குப் போகும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இல் தொடங்கியது. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, அந்த மூளையிலிருந்து தயாரித்த தடுப்பு மருந்துதான் பல பத்தாண்டுகள் நமக்குக் கிடைத்தது. அது உயிரைக் காப்பாற்றியது. மூளைத் திசு ஒத்துக்கொள்ளாமல் சிலருக்குக் கை கால் விழுந்தும் போனது. 2004 கடைசியோடு இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேற்கையில் நாலு தவணை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வயிற்றிலிருந்து கைக்கு இந்த ஊசி வந்து சேர எத்தனையோ ஆடுகளும் எலிகளும் மனிதர்களும் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் ஆய்வே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பைக் கொடுத்தவர்களில் யாருக்கெல்லாம் மறுக்க வழி இருந்தது என்று மட்டும் கேட்பேன். கமிட்டியில் இருந்த காலம் முழுக்க, எந்த விண்ணப்பம் வந்தாலும் என் முதல் கேள்வி அதுதான்.

2. மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் ஆய்வைப் பற்றிப் பேசுங்கள்.

மூட்டுவலியோடு ஓ.பி.யில் வந்து நிற்கும் பீடி சுற்றும் அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கருங்குளத்திலிருந்தோ செய்துங்கநல்லூரிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார். அன்றைய பீடிக் கூலி போயாயிற்று. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்ததும், "ஒரு ஆராய்ச்சி பண்ணுதோம்மா, சேர்ந்துக்கிடுதீங்களா?" என்று கேட்கிறீர்கள். அவர், "நீங்க பாத்துச் செய்யுங்க டாக்டரம்மா, ஒங்களுக்குத் தெரியாததா?" என்கிறார். உடனே மைப்பெட்டி வருகிறது. பெருவிரலை அழுத்திவிட்டு மையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறார்.

அவர் சம்மதிக்கவில்லை. இல்லையென்று சொன்னால் மாத்திரை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை எடுக்க வாய் வார்த்தை போதாது. "சேராவிட்டாலும் வைத்தியம் உண்டு" என்று படிவத்தில் அச்சடித்திருப்பதை அவர் படிக்கப் போவதில்லை. ஆகவே வைத்தியத்தை முதலில் முடியுங்கள். சீட்டு எழுதுங்கள், அவர் மருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு, முடிந்தால் வைத்தியம் பார்த்தவர் அல்லாத வேறொருவர், தனியாக உட்காரவைத்து ஆய்வைச் சொல்லட்டும். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். மகனிடமோ பக்கத்து வீட்டு டீச்சரிடமோ காட்டிவிட்டு அடுத்த தவணைக்கு வந்து சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், பேச்சு தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். உங்கள் ஜூனியரை நிறுத்தி வைத்தால் அவர் சாட்சி ஆகமாட்டார். படிவத்தின் பிரதி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, "போன தடவை எதுக்கும்மா ரேகை வச்சீங்க?" என்று கேளுங்கள். அவர் சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் தொடருங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள்.

3. எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்று வரும் ஆய்வை நம்பாதீர்கள்.

கமிட்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது. எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால், மறுக்கலாம் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை என்று பொருள்.

4. நாலு மணி நேரத் தூரத்தில் நடந்ததை மறக்காதீர்கள்.

புற்றுநோய் என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக்காரர்களில் பலர் திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டருக்குத்தான் போவார்கள். நம்பிக்கையான இடம். அங்கே 1999 கடைசியிலும் 2000த்தின் தொடக்கத்திலும், வாய்ப் புற்றுநோயோடு வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய வேதிப்பொருளைக் கட்டிக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். தங்களுக்குப் போடுவது சோதனை மருந்து என்பதே நோயாளிகளுக்குச் சரியாகத் தெரியாது. ஹாப்கின்ஸின் அறநெறிக் கமிட்டியிடமும் உரிய அனுமதி வாங்கவில்லை. அங்கேயே கதிர்வீச்சு உயிரியல் துறையில் இருந்த மருத்துவர் வி. என். பட்டதிரி பேச ஆரம்பித்த பிறகுதான் 2001இல் விஷயம் வெளியே வந்தது. விசாரித்த ஹாப்கின்ஸ், அந்த ஆய்வாளர் இனி மனிதர்மேல் ஆய்வுக்குத் தலைமை ஏற்கக் கூடாது என்று தடை போட்டது.

அந்த நோயாளிகளின் நிலையை யோசியுங்கள். வாயில் கட்டி, பேசவே சிரமம், தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்றால் மலையாளம் பாதிதான் புரியும், கையில் இருந்ததை அடகு வைத்து வந்திருப்பார்கள். அவர்களிடம் எதை நீட்டினாலும் கையெழுத்து விழும். அப்படிப்பட்டவரிடம்தான் நீங்கள் மெதுவாகப் பேச வேண்டும்.

உங்கள் துறையில் இப்படி ஒன்று நடக்கக் கண்டால், பட்டதிரி செய்ததை நீங்களும் செய்ய வேண்டியிருக்கும். கைடு கோபித்துக்கொள்வார், பட்டம் தள்ளிப்போகும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி வாய் திறந்து ஒரு வருஷத்தை இழந்தாள். அவளை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

5. பிள்ளைகளுக்காக வார்டனும் ஹெட்மாஸ்டரும் கையெழுத்துப் போடக் கூடாது.

2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பள்ளி வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய திட்டம். கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள், பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரிடம் கேட்கவே இல்லை. விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பிள்ளைகள் இறந்தபின் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் சம்மதம் வாங்கிய விதத்தை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது.

வாத்தியாராக இருந்தவன் என்பதால் இது என்னை உறுத்துகிறது. பிள்ளைகள் நம் பொறுப்பில் இருப்பதாலேயே அவர்கள் உடம்புக்கு நாம் உடைமையாளர் ஆகிவிட மாட்டோம். இன்னொன்றும் உண்டு. நல்ல தடுப்பூசி ஒன்றின் மேல் அந்தக் கையெழுத்துகளால் பல வருஷத்துக்குச் சந்தேகம் படிந்துவிட்டது. நஷ்டப்பட்டவர்கள் அதே வீட்டுப் பெண்பிள்ளைகள்.

6. ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான விஷயம். நம் மாநிலத்து உதாரணத்தோடேயே சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தால், கெடத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் போதும், பெரிய லேப் வேண்டியதில்லை. இந்தச் சோதனை உயிரைக் காக்குமா என்று பார்க்க 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய ஆய்வொன்று தொடங்கியது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையமும் பிரான்ஸில் லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தன. ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்குவதுபோல் பாதியில் 30 வயதிலிருந்து 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் சோதனை செய்தார்கள். மறுபாதிக்கு அப்போது அங்கே வழக்கமாகக் கிடைத்த கவனிப்பு மட்டும்தான். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு.

அந்த முடிவு வீண்போகவில்லை. தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டம் தொடங்கியது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. இன்று ஸ்ரீவைகுண்டத்து அரசு மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தப் பலனில் பங்கு உண்டு.

ஆனால் மறுபாதி ஊர்கள்? திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், சோதனை செய்யப்படாத பிரிவுகளில் 254 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள் என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா எடுத்துக்காட்டினார். பாப் ஸ்மியர் சோதனை உலகத்தில் 1940களிலிருந்தே இருக்கிறது. அப்படியிருக்க ஒரு பாதியை எந்தச் சோதனையும் இல்லாமல் விடலாமா என்று கேட்டார். இந்தியாவில் பெரும்பாலான பெண்களுக்கு அன்று எந்தச் சோதனையும் கிடைக்கவில்லை, ஆகவே இருந்ததை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை என்பது ஆய்வு நடத்தியவர்களின் பதில்.

நடத்தியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழைக்கு அரசு எதையும் கொடுக்காமல் விட்டதை ஆய்வுக்காரர் ஒரு தரமாக எடுத்துக்கொண்டால், ஏழையின் ஊர் ஏழையாக இருக்கும்வரை அங்கே எதையும் கொடுக்காமல் சோதிக்கலாம் என்றாகிவிடும். ஒப்பீட்டு ஊர்ப் பெண்ணிடம், "பக்கத்து ஊரில் இப்படியொரு சோதனை செய்கிறார்கள், உனக்கு இப்போது இல்லை" என்று முழுதாகச் சொல்லியிருந்தால், அவர் அடுத்த பஸ்ஸில் அந்த ஊருக்குப் போயிருப்பார். சொன்னால் ஓடிவிடுவார் என்ற நிலை இருந்தால் ஆய்வின் அமைப்பை மாற்றுங்கள். இந்த வருஷம் ஒரு பாதி, அடுத்த வருஷம் மறுபாதி என்று எல்லா ஊருக்கும் போய்ச் சேரும்படி ஆய்வை அமைக்க வழிகள் இருக்கின்றன.

7. நோயாளியின் கேள்வியைக் கேளுங்கள்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியபோது, சானடோரியங்களில் படுக்கை கிடைக்காமல் ஏழைகள் காத்துக் கிடந்தார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? குடிசையில் இருப்பவர்களின் கேள்வி அது. மையத்தின் முதல் ஆய்வு அதையே எடுத்துக்கொண்டது. 193 பேர், ஒரு பாதி வீட்டில், ஒரு பாதி சானடோரியத்தில், இரண்டு பாதிக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷத்தில் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதமும், சானடோரியத்தில் 92 சதவீதமும் நோய் அடங்கி இருந்தார்கள். வீட்டு மனிதர்களுக்குத் தொற்று கூடுதலாகவில்லை என்பதையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணமானது. இங்கே ஒப்பீட்டுக் குழு, அன்று இருந்ததிலேயே சிறந்த கவனிப்பைப் பெற்றது என்பதைக் கவனியுங்கள். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படியுங்கள்.

8. எலிக்காக நீங்கள் மறுக்க வேண்டும்.

மனிதரிடமாவது கேட்கலாம், எலியிடம் கேட்க முடியாது. எங்கள் ஊரில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்பார்கள். பேசாத பிள்ளைக்காகப் பெற்றோர் திருச்செந்தூர்வரை போய் முறையிட்டார்கள். வாயில்லாததற்காக முறையிடும் ஆள் வேண்டும் என்பதற்குத்தான் விலங்குக் கமிட்டி இருக்கிறது.

1960இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு முன்னோடியாக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த விதிகள்படி ஒவ்வொரு விலங்கு ஆய்வுக்கும் கமிட்டியின் அனுமதி வேண்டும். அதில் ஒரு கால்நடை மருத்துவரும், விஞ்ஞானி அல்லாத ஒருவரும், அரசுக் குழு நியமித்த ஒருவரும் உண்டு. கையெழுத்துக்காக மட்டும் கூடும் கமிட்டிகளையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி உட்கார்ந்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தைப் படிப்பதற்கு முன் விலங்கு அறைக்குப் போய்ப் பாருங்கள். கூண்டுக்குள் நம் நெல்மில்லில் கிடைக்கிற உமிதான் பரப்பியிருப்பார்கள். அது ஈரமாக இருக்கிறதா, அம்மோனியா நெடி வருகிறதா என்று பாருங்கள். வெள்ளை எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் செம்பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தால், புதிதாகப் பார்க்கிறவர்கள் ரத்தம் என்று நினைப்பார்கள். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் சுரப்பியின் நீர் அது. எலி நோயிலோ பயத்திலோ நெருக்கடியிலோ இருக்கும்போது அப்படிக் கசியும். தன்னைத் துடைத்துக்கொள்ளவும் தெம்பில்லாத எலியில்தான் அது காய்ந்து நிற்கும். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரியும் இருக்காது. பார்த்தால் எழுதி வையுங்கள், கேள்வி கேளுங்கள்.

எண்ணிக்கையைக் கேளுங்கள். முன்பு ஒரு மருந்தின் நஞ்சளவைக் கணக்கிட, பாதி எலிகள் சாகும்வரை கொடுத்துப் பார்த்தார்கள். வேதிப்பொருள் சோதனைகளுக்கு உலக அளவில் நெறிமுறை வகுக்கும் ஓ.இ.சி.டி. அமைப்பு 2002இல் அந்த முறையைக் கைவிட்டது. இப்போதைய முறையில் படிக்கு மூன்று எலி போதும். பழைய தீசிஸைப் பார்த்து எண்ணிக்கையை அப்படியே எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புங்கள். அதே சூரணத்துக்கு அதே நஞ்சாய்வு ஏற்கெனவே இன்னொரு கல்லூரியில் முடிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பாடம் நடத்துவதற்கு எலியே வேண்டாம். புதுச்சேரி ஜிப்மரில் ஆர். ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்பார்ம் என்ற கணினி நிரலில் அந்தப் பயிற்சிகளைப் பார்த்துவிடலாம். 2023இல் மருந்து விதிகளிலேயே திருத்தம் வந்து, விலங்கில்லாத சோதனை முறைகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

9. எலிக்கும் குரங்குக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து மனிதருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஆறு வாலிபர்களுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்தார்கள். குரங்குக்குக் கொடுத்து ஆபத்தில்லை என்று கண்ட அளவில் 500இல் ஒரு பங்குதான். ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஒருவருக்குக் கொடுத்து என்ன ஆகிறது என்று பொறுத்துப் பார்க்காமல், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துக் கொடுத்திருந்தார்கள். முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்க மருத்துவப் படிப்பு வேண்டாம். நீங்களே கேட்கலாம்.

10. சித்த மருத்துவப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று.

"பரம்பரையாகக் கொடுத்து வருகிறோம்" என்பது சம்மதப் படிவத்துக்கு மாற்று ஆகாது. பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த செந்தூரத்தைக் கொடுக்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்பதை நோயாளிக்குச் சொல்லுங்கள். ஈரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொண்டே இருங்கள். நம் மருத்துவத்தின் மேல் மதிப்பு உள்ளவர்கள்தான் இதில் அதிகக் கண்டிப்போடு இருக்க வேண்டும்.

11. பிடிக்காத விடையையும் வெளியிடுங்கள்.

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பெரிய ஆய்வு ஆரம்பித்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் தோள் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அரசே நாடு முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த ஊசி அது. ஆனாலும் முடிவை ஒளிக்கவில்லை. பதினைந்து வருஷத் தொடர் கணக்கையும் 1999இல் வெளியிட்டார்கள். உங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்றால் தீசிஸ் அலமாரியில் அதைத் தூங்கவிடாதீர்கள். தூங்கவிட்டால் நாலு வருஷம் கழித்து இன்னொரு பிள்ளை இன்னொரு கூண்டு எலிகளோடு அதே கேள்விக்கு வருவான். ஆய்வைத் தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்துவிட்டால் ஒளிக்கவும் முடியாது.

12. முடிந்தபின் திரும்பிப் போங்கள்.

கடுமையான பாதகம் எது நேர்ந்தாலும் 24 மணி நேரத்துக்குள் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும், வைத்தியம் இலவசமாகப் பார்க்க வேண்டும். இது விதி, எல்லாருக்கும் தெரியும். விதியோடு நிற்காமல் ஒன்றைச் சொல்கிறேன். தீசிஸ் முடிந்ததும் பேசுகிற தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது, உங்களுக்கு எந்த மருந்து கொடுத்தோம். சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். ஆழ்வார்திருநகரியும் கருங்குளமும் தூரமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் நேரிலேயே சொல்லிவிடலாம். மருந்து வேலை செய்தது என்றால், ஆய்வு முடிந்த மறுநாளிலிருந்து அது அவர்களுக்கு எங்கே, யார் செலவில் கிடைக்கும் என்பதைத் தொடக்க விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கமிட்டி கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.